கிண்டியில் விதைத்த அறிவு

நுழையும்முன்

அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில் பயணம் செய்வோர், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். இவ்வளவு அறிவு நிலையங்கள் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து அமைவது அரிது. இவ்வட்டாரத்தின் அறிவியல் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்த ஒருவர் பொறியாளர் அல்லர். இயற்பியல் அறிஞரும் அல்லர். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர். கல்விக்குச் செலவிடும் பணத்தை முதலீடாகக் கருதிய அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரட்டையருள் இளையவர்

டாக்டர் ஏ. எல். முதலியார் என்று அறியப்பட்ட ஆற்காடு இலட்சுமணசாமி, 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று கர்நூலில் பிறந்தார். அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அவருடன் இரட்டையராகப் பிறந்தவர் இராமசாமி. தொடக்கக் கல்வியைக் கர்நூலில் முடித்த சகோதரர் இருவரும் 1903ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர். அதன்பின் இருவர் பாதையும் பிரிந்தது. இராமசாமி சட்டம் பயின்று அரசியலிலும் பன்னாட்டு அரங்கிலும் புகழ்பெற்றார்; ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றத்திற்கு முதல் தலைவராகவும் விளங்கினார். இலட்சுமணசாமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மகப்பேறு மருத்துவத்தைத் தம் துறையாக அவர் தேர்ந்தெடுத்த காலத்தில், பேற்றின்போது தாயும் சேயும் இறப்பது வீடுதோறும் அறிந்த துயரமாக இருந்தது. மருத்துவராகவும் ஆசிரியராகவும் அவர் பெற்ற பட்டறிவு, 1938ஆம் ஆண்டு மகப்பேறு மருத்துவ நூலாக வெளிவந்தது. பல பதிப்புகளைக் கண்ட அந்நூலைத் தலைமுறை தலைமுறையாக இந்திய மருத்துவ மாணவர்கள் பயின்றனர். 1939ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

போர்க்காலத்தில் ஏற்ற பொறுப்பு

1942ஆம் ஆண்டு இலட்சுமணசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சத்தால் சென்னை மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர். அன்றாட வாழ்வே நிலைகுலைந்திருந்த வேளையில் புதிய துறைகளைப் பற்றியும் ஆய்வகங்களைப் பற்றியும் எண்ணுவது எளிதன்று.

1857ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், தன் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. கற்பித்தல் பணி அதனோடு இணைந்த கல்லூரிகளில் நடைபெற்றது. பின்னர்ச் சில ஆய்வுத் துறைகள் தோன்றிய போதிலும், தொழில்நுட்பத்திற்கெனப் பல்கலைக்கழகத்தில் தனி இடம் அமையவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரி பாலமும் சாலையும் எந்திரமும் மின்சாரமும் அறிந்த பொறியாளர்களை உருவாக்கியது. ஆயினும் வேதிப்பொருள், துணி, தோல் முதலிய தொழில்களை நடத்தத் தேவையான உயர்நிலைப் பயிற்சிக்கு மாகாணத்தில் போதிய வழியில்லை. பருத்தியும் தோலும் இங்கே விளைந்தன. அவற்றைச் சிறந்த பண்டமாக மாற்றும் நுட்பம் அயல்நாட்டில் இருந்தது. இவ்விடைவெளியை நிரப்புவது புதிய துணைவேந்தரின் முதற்பணிகளுள் ஒன்றாயிற்று.

வள்ளலும் துணைவேந்தரும்

தொழில்நுட்பக் கல்விக்குப் பெரும்பொருள் வேண்டும். போர்க்கால அரசிடம் அதனை முழுமையாக எதிர்பார்க்க இயலாது. கோட்டையூரில் பிறந்து, தொழில்துறையில் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்த அழகப்பர் இப்பணிக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்கினார். 1944ஆம் ஆண்டு அவர் பெயரால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போது அழகப்பருக்கு வயது முப்பத்தைந்து. வேதிப்பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியன அக்கல்லூரியின் தொடக்ககாலப் பாடங்களாயின.

அந்நாளில் கல்வி கற்ற இளைஞர் பலரின் கனவு அரசுப் பணியாகவே இருந்தது. பட்டம் பெற்றவர் அலுவலகத்திற்குச் செல்வர் என்பதே பொது எண்ணம். சாயத் தொட்டியையும் தறியையும் பதனிடும் குழியையும் பல்கலைக்கழகப் பாடமாக்கியது அவ்வெண்ணத்தை மாற்றும் முயற்சியாக அமைந்தது. கைத்தொழிலுக்குரியவை என ஒதுக்கப்பட்ட துறைகள் பட்டப்படிப்பின் மதிப்பைப் பெற்றன.

வள்ளலுக்கும் துணைவேந்தருக்கும் இடையே ஏற்பட்ட உறவு அத்துடன் நின்றுவிடவில்லை. 1947ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரிகளைத் தொடங்க முன்வரவேண்டும் என இலட்சுமணசாமி வேண்டுகோள் விடுத்தார். அவையிலிருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அப்போதே அறிவித்தார்; அவ்வாண்டே கல்லூரி தோன்றியது. பின்னர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் அமைவதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அழகப்பர் வழங்கினார். கொடுப்பவரிடம் உள்ளம் இருந்தது; எதற்குக் கொடுத்தால் நாடு வளரும் எனக் காட்டுபவரிடம் பார்வை இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது செல்வம் கல்வியாயிற்று.

தோலும் அறிவும்

அறிவுப் பொருளாதாரம் என்பது இன்று பலரும் கூறும் சொல். ஒரு பண்டத்தின் மதிப்பில் மூலப்பொருளின் பங்கைவிட அதனுள் செலுத்தப்பட்ட அறிவின் பங்கு மிகும்போது, அப்பொருளாதாரத்தை அவ்வாறு அழைக்கிறோம். இதனை விளக்கத் தோலைவிடச் சிறந்த சான்று தமிழகத்தில் இல்லை.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்றது. ஆவாரம் பட்டையின் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியாக அயல்நாடுகளுக்குச் சென்றது. ஆயினும் அது பெரும்பாலும் அரைப்பதத் தோலாகவே சென்றது. அங்கே அதற்கு மெருகும் நிறமும் ஊட்டிக் காலணியாகவும் கையுறையாகவும் பையாகவும் மாற்றினர். உழைப்பும் மூலப்பொருளும் நம்முடையவை. மிகுதியான ஆதாயம் நுட்பம் அறிந்தவர்களுடையது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948 ஏப்ரல் 24 அன்று, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அருகில் அமைந்தது சிறப்பாகும். தோல் தொழில்நுட்ப மாணவர்கள் கல்லூரியில் பெயர் பதிந்து, ஆராய்ச்சி நிறுவனத்தில் பாடம் கேட்டனர். அங்குள்ள அறிவியலாளர்களே அவர்களுக்கு ஆசிரியர்களாயினர். கல்வி, ஆராய்ச்சி, தொழில் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் இவ்வமைப்பு இன்றும் தொடர்கிறது. 1958ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனத்தை வழிநடத்திய நாயுடம்மா, ஆய்வக முடிவுகளைப் பதனிடும் தொழிலாளர்களிடம் கொண்டு சேர்ப்பதைத் தம் கடமையாகக் கொண்டார். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபோது, முழுமையான தோற்பொருள்களைச் செய்யும் திறன் பெற்றவர்கள் நம் நாட்டில் உருவாகியிருந்தனர். கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய கல்வி அப்போது பயன் தந்தது.

முப்பது வயதுப் பேராசிரியர்

தொழிலுக்குப் பயன்படும் நுட்பம் மட்டும் போதும் என இலட்சுமணசாமி எண்ணவில்லை. உடனடிப் பயன் எதுவெனக் கூற இயலாத அடிப்படை அறிவியலும் வளரவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்க முனைந்தபோது, நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனையே அதன் தலைமையை ஏற்குமாறு அழைத்தார். இராமன் தாம் வர இயலாமையால் தம் மாணவரான கோ. நா. இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. மூத்தோருக்கே முதலிடம் தரும் கல்விச் சூழலில், ஒரு புதிய துறை முழுவதையும் இளைஞர் ஒருவரிடம் ஒப்படைப்பது துணிவான செயல். 1952ஆம் ஆண்டு துணைவேந்தர் அதனைச் செய்தார்.

கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வகம் உருவாயிற்று. அந்நாளில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவுபடவில்லை என்பதை இராமச்சந்திரனுக்குச் சுட்டிக்காட்டினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன். பதனிடும் தொழிலின் அடிப்படையே இப்புரதத்தை அழுகாமல் நிலைநிறுத்துவதுதான். ஆகவே ஆய்வுக்கு வேண்டிய மாதிரியைத் தேடி நெடுந்தொலைவு செல்லத் தேவை ஏற்படவில்லை. அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் கிடைத்தது.

இராமச்சந்திரனும் அவருடைய ஆய்வுத் துணைவர் கோபிநாத் கர்த்தாவும் அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பதிவுகளை ஆராய்ந்தனர். மூன்று இழைகள் முறுக்கேறிய முப்புரிக் கயிறுபோலக் கொலாஜன் அமைந்திருப்பதை 1954ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். மறு ஆண்டு அவ்வடிவத்தை மேலும் திருத்தமாக்கினர். உலகின் புகழ்பெற்ற ஆய்வகங்கள் விடை தேடிய வினாவுக்குக் கிண்டியிலிருந்து விடை சென்றது. 1963ஆம் ஆண்டு இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் வளையக்கூடும் என்பதைக் காட்டும் வரைபடத்தை உருவாக்கினர். இராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அதனை, உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்ப்போர் இன்றும் பயன்படுத்துகின்றனர். புதிய மருந்துகளை வடிவமைப்பதற்கும் இவ்வறிவு துணைசெய்கிறது.

தோல் ஆராய்ச்சிக்காக அமைக்கப்பட்ட நிறுவனம் ஒரு புரதத்தின் புதிரை விடுவிக்கத் துணைநிற்கும் என்று எந்தத் திட்ட அறிக்கையும் எழுதியிருக்க இயலாது. அறிவு நிலையங்கள் அடுத்தடுத்து அமைவதால் விளையும் நன்மை இது.

கணிதத்திற்கு ஓர் இல்லம்

கணித மேதை இராமானுசனின் நினைவாகச் சென்னையில் கணித ஆய்வு நிறுவனம் ஒன்றை அழகப்பர் தொடங்கினார். 1955ஆம் ஆண்டு அதன் முதல் இயக்குநர் விஜயராகவனும், 1957ஆம் ஆண்டு அழகப்பரும் மறைந்தனர். பொருளின்றி அந்நிறுவனம் மூடப்படும் நிலை உருவாயிற்று. வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் அதனைக் காக்குமாறு வேண்டினார். 1957ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் அது பல்கலைக்கழகக் கணிதத் துறையுடன் இணைந்து உயராய்வு நிறுவனமாக வளர்ந்தது.

பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர்களுள் ஒருவரான அல்லாடி இராமகிருஷ்ணன், மயிலாப்பூர் லஸ் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் இளம் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தினார். 1960ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டு அறிஞர் நீல்சு போர் சென்னைக்கு வந்தபோது அம்மாணவர்களின் ஆர்வத்தைக் கண்டு வியந்தார். அம்முயற்சியின் பயனாக 1962ஆம் ஆண்டு கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அது பின்னர்த் தரமணியில் நிலைபெற்றது. இவ்வாறு இருபது ஆண்டுகளுக்குள் சென்னையின் தென்பகுதி அறிவியலுக்குரிய நிலமாக மாறியது. 1959ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் கிண்டி வனத்திலேயே அமைந்தது.

பள்ளியில் தொடங்கும் முதலீடு

எழுத்தறியாதோர் மிகுந்த ஏழை நாட்டில் ஆய்வகங்களுக்குப் பெரும்பொருள் செலவிடுவது முறையா என்னும் வினா அக்காலத்தில் எழுந்தது. ஊர்தோறும் பள்ளி வேண்டும், உயராய்வும் வேண்டும், கையிலிருக்கும் பொருளோ சிறிது. இவ்வினா இன்றும் பொருளுடையது. இலட்சுமணசாமியின் பணி இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. பள்ளியில் அறிவியல் வேரூன்றினாலன்றி உயராய்வு தழைக்காது என்பதை அவருடைய மற்றொரு பணி காட்டுகிறது.

1952ஆம் ஆண்டு இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவிற்கு அவர் தலைவரானார். முதலியார் குழு என்றே அது வழங்கப்படுகிறது. அதன் அறிக்கை 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. மாணவர் அனைவரும் ஒரே பாடங்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் முறையை அக்குழு மாற்ற விரும்பியது. அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல், மானுடவியல் பாடங்கள் எனப் பல பிரிவுகளைக் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. பொது அறிவியலை அனைவரும் கற்கவேண்டும் என்றது. தொழிற்சாலைகளுக்கு அருகில் தொழில்நுட்பப் பள்ளிகள் அமையவேண்டும் எனவும், தொழில்நுட்பக் கல்விக்காகத் தொழில் நிறுவனங்களிடம் தனித் தீர்வை பெறலாம் எனவும் கூறியது. கல்வியால் பயன்பெறும் தொழில்துறை கல்வியின் செலவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. பரிந்துரைகள் அனைத்தும் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் மாணவர் தம் விருப்பத்திற்கும் ஆற்றலுக்கும் ஏற்பப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு அவ்வறிக்கை வலுச்சேர்த்தது.

மருத்துவப் பணியையும் அவர் கைவிடவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் செயற்குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1961ஆம் ஆண்டு உலக நலவாழ்வுப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் மருத்துவத் தேவைகளை ஆராய்ந்த குழுவிற்கும் தலைவராக இருந்தார். இந்திய அரசு 1954ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதையும் 1963ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருதையும் அவருக்கு வழங்கியது.

விளைச்சலும் இழப்பும்

இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராகப் பணியாற்றிய இலட்சுமணசாமி 1969ஆம் ஆண்டு அப்பொறுப்பிலிருந்து நீங்கினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இராமச்சந்திரன் சென்னையை விட்டுச் சென்றார். 1971ஆம் ஆண்டு பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கெனத் தனித் துறையைத் தொடங்கினார். கிண்டியில் கட்டடம் இருந்தது; கருவிகள் இருந்தன; துறையும் தொடர்ந்து இயங்கியது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுக் குழுவின் தலைவர் வேறு நகருக்குரியவரானார். நிலமும் பொருளும் கொண்டு நிறுவனத்தை எழுப்பிவிடலாம். தகுதியுடையோரைக் கண்டறிதல், அவர்மீது நம்பிக்கை வைத்தல், அவர் விரும்பிப் பணியாற்றும் சூழலைக் காத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்யவேண்டும். அறிவில் செய்யும் முதலீடு ஒருமுறை செலுத்தி முடிக்கும் தொகை அன்று.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, தம் 86ஆம் வயதில் இலட்சுமணசாமி மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் கிண்டிப் பொறியியல் கல்லூரியும் பிற இரு நிறுவனங்களும் இணைந்து தொழில்நுட்பத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதுவே இன்றைய அண்ணா பல்கலைக்கழகம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணினித் துறை அங்குக் கால்பதித்தபோது, அதற்கு வேண்டிய பட்டதாரிகளை உருவாக்கும் கல்லூரிகள் அருகிலேயே அரை நூற்றாண்டு வளர்ந்திருந்தன. போர்க்காலத்தில் ஒரு மருத்துவர் தொடங்கிய பணியின் பயனை, அவரைக் கண்டிராத தலைமுறை பெற்று வருகிறது.

தெரிந்து தெளிவோம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1978ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகியன உடன் இணைந்த ஏனைய நிறுவனங்கள். இவற்றுள் கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1794ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பட்டதாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் விளையும் அல்லது கிடைக்கும் மூலப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எந்நிலையில் வெளியூருக்கு அனுப்பப்படுகிறது, அங்கு எவ்வாறு மதிப்புக் கூட்டப்படுகிறது என்பதை அறிந்து வகுப்பறையில் பகிர்க.

2. அடிப்படை அறிவியல் ஆய்வுக்கா, பள்ளிக் கல்விக்கா, எதற்கு முதலில் பொருள் ஒதுக்கவேண்டும் என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பகுதியில் கல்வி நிலையம் அமைய நிலமோ பொருளோ வழங்கியவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.